உறைகிணற்றுக் குரல்

காது ஒழுகுவது நின்றுவிட்டது என்று ஒரு நோயாளி சந்தோஷமாகச் சொன்னால், ஓய்வுபெற்ற பிறகும் எனக்குப் பயம்தான் வருகிறது. காது மூக்கு தொண்டைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். ஒழுகுவதை நிறுத்தத்தானே படித்தோம் என்பீர்கள். இசக்கிமுத்து விஷயம் நடக்கும்வரை நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இசக்கிமுத்துவுக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். முக்கூடலுக்குக் கொஞ்சம் மேற்கே, ஆற்றுக்குள் இருக்கும் ஒரு குடிநீர் நிலையத்தில் மோட்டார் இயக்குகிற வேலை. ஆற்று மணலில் இறக்கிய ஆழமான உறைகிணறு, அதன் தலைமேல் வட்டமாக ஓர் அறை, கரையிலிருந்து அந்த அறைக்குப் போக நீளமாக ஓர் இரும்புப் பாலம். காலையிலிருந்து சாயங்காலம் வரை அங்கே அவர் ஒருவர்தான். நான் பிற்பாடு ஒரு நாள் போய்ப் பார்த்தேன். மோட்டார் ஓடும்போது நாம் பேசுவது நமக்கே கேட்காது. மின்சாரம் போய் மோட்டார் நின்றால் அதற்கு நேர்மாறு. தரையில் பதித்த இரும்பு மூடியின் இடுக்கு வழியாகக் கிணற்றுக்குள்ளிருந்து ஈரக்காற்று மேலே வரும். கீழே எங்கோ ஒரு சொட்டு விழும். அந்தச் சத்தம் சுவரைச் சுற்றிச் சுற்றி வந்து, யாரோ தொண்டையைக் கனைப்பதுபோல் மேலே ஏறும். நான் போனது நல்ல வெயில் நேரம். பத்து நிமிடத்துக்கு மேல் என்னால் உள்ளே நிற்க முடியவில்லை.

அவருக்கு இடது காது சிறுவயதிலிருந்தே ஒழுகியது. நாற்றம் பிடித்த சீழ், கொஞ்சமாக, விட்டுவிட்டு. செவிப்பறையின் மேல் மூலையில் ஓட்டை. அந்த ஓட்டை வழியாக வெளிக்காதின் தோல் உள்ளே போய் முடிச்சாகத் திரண்டு, பக்கத்து எலும்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டிருந்தது. மருந்து விட்டால் ஒழுகல் நிற்கும், அரிப்பு நிற்காது. ஆபரேஷன்தான் வழி என்று நான் மூன்று தடவை சொல்லியிருந்தேன். முதல் தடவை கோடை, ஆற்றில் தண்ணீர் குறைவு, நிலையத்தை விட்டு நகர முடியாது என்றார். இரண்டாம் தடவை ஆற்றில் வெள்ளம், அப்போதும் நகர முடியாது என்றார். மூன்றாம் தடவை மாற்று ஆள் கிடைக்கவில்லை. ஒழுகும்போது வருவார், சொட்டு மருந்து வாங்கிப் போவார், ஒழுகல் நின்றதும் என்னை மறந்துவிடுவார்.

வேலைக்குப் போகிறவர்களின் காது நோய் இப்படித்தான் ஆண்டுக்கணக்கில் வளர்கிறது. குழந்தையென்றால் அம்மா அப்பா தூக்கிக்கொண்டு ஓடிவருவார்கள். பெரியவர்கள் பஞ்சை வைத்து அடைத்துக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார்கள். நமக்கும் அது பழகிவிடுகிறது. அவர் வழக்கமாக வருகிற ஆள், வழக்கமான காது என்று கை தானாகச் சீட்டு எழுதிவிடும்.

ஓர் ஆடி மாதம் அவர் மனைவியோடு வந்தார். அவர் மனைவி பேச்சியம்மாள் வீட்டில் பீடி சுற்றுகிறவர், ஒல்லியான, நிதானமான பெண். காது ஒரு மாதமாக ஒழுகவில்லை என்று பேச்சியம்மாள்தான் சொன்னார். நுண்ணோக்கியில் பார்த்தேன். உள்ளே நன்றாகக் காய்ந்து, பழுப்பாக ஒரு பொருக்கு மட்டும் ஒட்டியிருந்தது. அத்தனை வருஷத்தில் நான் அந்தக் காதை அப்படிப் பார்த்ததில்லை. எனக்குச் சந்தோஷம். இப்படியே காய்ந்திருந்தால் ஆபரேஷனும் சுலபமாக முடியும் என்று இசக்கிமுத்துவிடம் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். பதினைந்து நாளாகத் தலைவலி இருக்கிறது என்று அவர் சொன்னதற்கு, மோட்டார் சத்தத்தில் உட்கார்ந்தால் யாருக்கும் வலிக்கும் என்று சொல்லி மாத்திரை எழுதினேன்.

சீட்டை வாங்கிக்கொண்ட பிறகும் பேச்சியம்மாள் எழுந்திருக்கவில்லை.

“டாக்டரம்மா, இன்னொண்ணு சொல்லணும். சொன்னா நீங்க ஏசக்கூடாது.”

சொல்லுங்கள் என்றேன்.

“அவியளுக்கு ஒரு ஆளு கூப்பிடுத சத்தம் கேக்காம். கரண்டு போயி மோட்டார் நின்ன ஒடனே, ‘ஏலே இசக்கி, இங்கன வாலே’ன்னு. அதுவும் இந்தக் கேக்காத காதுலதான் கேக்காம்.”

யார் குரல் என்று தெரிகிறதா என்றேன். பரமசிவம் அண்ணாச்சி குரல் என்றார். பரமசிவம் என்பவர் அந்த நிலையத்தில் முன்பு இசக்கிமுத்துவோடு வேலை பார்த்த மூத்தவர். மூன்று வருஷத்துக்கு முன் அதே அறையில், ஒரு மத்தியானம், சாப்பாட்டு வாளியைத் திறந்து வைத்தபடியே மாரடைப்பில் போய்ச் சேர்ந்தவர். அவரை முதலில் பார்த்தது இசக்கிமுத்துதான்.

“கூப்பிடுததுக்கு முன்ன ஒரு வாடை அடிக்குமாம்,” என்றார் பேச்சியம்மாள். “தலமுடி கருகுத மாதிரி. அங்கன கருகுததுக்கு என்ன இருக்கு? சுத்தித் தண்ணிதான்.”

நான் இசக்கிமுத்துவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்த நிமிடத்தில் தோன்றியது இதுதான்: தனிமையான வேலை, கூட இருந்தவரின் சாவு, தூக்கமில்லாத மனுஷன், மனம் கலங்கியிருக்கிறது. மனநல மருத்துவருக்கு ஒரு கடிதம் எழுதிக் கையில் கொடுத்தேன். பேய்க்கதை கேட்டால் சிரிக்காமல் பரிவோடு கடிதம் எழுதுகிற டாக்டர் என்று என்னைப் பற்றி எனக்கே கொஞ்சம் பெருமை.

இப்போது நீங்கள் அந்தப் பெண் சொன்னதை மறுபடி படித்துப் பாருங்கள். எந்தப் பக்கம் கேட்கிறது, எப்போது கேட்கிறது, அதற்கு முன் என்ன வாடை வருகிறது, எத்தனை நாளாகத் தலைவலி, ஒழுகல் எப்போது நின்றது. பாடப்புத்தகத்தில் இருப்பதைவிட வரிசையாகச் சொல்லியிருந்தார். நான் அதில் பரமசிவத்தை மட்டும் கேட்டேன்.

அவர்கள் மனநல மருத்துவரிடம் போகவில்லை. உறவுக்காரர்கள் சொன்னபடி பக்கத்து ஊர்க் கோடாங்கியிடம் போனார்கள். உடுக்கடித்துக் குறி சொல்லிப் பேயோட்டுகிறவர். அவரைப் பற்றி நீங்கள் மனதில் வரையும் படத்தை அழித்துவிடுங்கள். அவருக்கு முப்பத்தைந்து வயதுகூட இராது. வாரநாளில் சுமை ஆட்டோ ஓட்டுகிறவர். அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பணியிலிருந்த மருத்துவர் என்னை வீட்டிலிருந்து கூப்பிட்டு, உங்கள் சீட்டோடு ஒருவர் அரை மயக்கத்தில் வந்திருக்கிறார் என்றார். நான் போய் இறங்கியபோது அவசரப் பிரிவு வாசலில் அந்தச் சுமை ஆட்டோதான் நின்றது. பின்னால் பாயும் தலையணையும் கிடந்தன. நெற்றி நிறையத் திருநீறோடு கோடாங்கி கதவோரம் நின்றுகொண்டிருந்தார். பேச்சியம்மாள் என்னை அவருக்குக் கைகாட்டினார்.

“டாக்டரம்மா, இது எங்க சோலி இல்ல. உங்க சோலி,” என்றார் கோடாங்கி.

ஏன் அப்படிச் சொல்கிறீர்கள் என்றேன். எனக்கு உள்ளே போகிற அவசரம். ஆனால் அவர் குரலில் ஏதோ என்னை நிறுத்தியது.

“எலுமிச்சம்பழத்தக் கையில குடுத்து இது என்னதுன்னு கேட்டேன். ‘புளிக்கும்லா, அது’ன்னாரு. வேப்பங்கொலையக் காட்டினேன். ‘கசக்கும்லா’ன்னாரு. தொறவுகோலக் காட்டினேன், கையால திருகிக் காட்டுதாரு. எல்லாம் தெரியுது, பேரு மட்டும் வரல. பேயி வந்திருந்தா மொதல்ல பேரத்தான் சொல்லும். பேரச் சொல்லணும்னுதான் அது வாரதே. இவரு இருக்கப்பட்ட பேரெல்லாம் தொலச்சிட்டு நிக்காரு.”

பிறகு, தயங்கி, இன்னொன்றும் சொன்னார். வேப்பங்குலையால் முகத்துக்கு முன் வீசும்போது எல்லோரும் கண்ணைச் சிமிட்டுவார்களாம். இவர் இடப்பக்கம் வீசினால் சிமிட்டினார். வலப்பக்கம், மேலேயிருந்து வீசியபோது சிமிட்டவே இல்லை. மூன்று தடவை வீசிப் பார்த்திருக்கிறார். அவருடைய அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது இதே மாதிரி இருந்ததாம். உடுக்கைக் கீழே வைத்துவிட்டு வண்டியை எடுத்திருக்கிறார்.

நான் நடைபாதையில் ஓடினேன். ஐம்பத்தைந்து வயதில் ஓடியிருக்கிறேன் என்றால் உங்களுக்குப் புரியும். பெயர் வராதது, வலப்பக்கம் மேலே பார்வை இல்லாதது என்று அவர் சொன்ன இரண்டையும் சேர்த்தால் இடத்தின் முகவரி கிடைத்துவிடும். இடது நெற்றிப்பொட்டுக்குள், காதுக்கு நேர் மேலே, மூளையில்.

உள்ளே இசக்கிமுத்துவை ஒருக்களித்துப் படுக்கவைத்து முழங்காலை வயிற்றோடு மடக்கியிருந்தார்கள். காய்ச்சல், கழுத்து விறைப்பு, மயக்கம். மூளைக்காய்ச்சல் என்று நினைத்த அந்த மருத்துவர், முதுகெலும்பில் ஊசி போட்டு நீர் எடுக்கத் தயாராக இருந்தார். அவர் நினைத்ததில் தவறில்லை. முதுகை மருந்தால் துடைத்து முடித்தாயிற்று, ஊசி கையில் இருக்கிறது. நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். மண்டைக்குள் அழுத்தம் ஏறியிருக்கும்போது கீழே ஓட்டை போட்டால் மூளை கீழ்நோக்கி இறங்கி அடைத்துக்கொள்ளும். அந்த மேசையிலேயே மூச்சு நின்றிருக்கும். மணிக்கட்டைப் பிடித்தபடியே இன்னொரு கையால் நாடி பார்த்தேன். நிமிடத்துக்கு ஐம்பத்திரண்டு. காய்ச்சலில் நாடி ஏற வேண்டும்; மண்டைக்குள் அழுத்தம் கூடினால்தான் இப்படி இறங்கும்.

ஸ்கேனில் நெல்லிக்காய் அளவுக்குச் சீழ்க்கட்டி தெரிந்தது. காதுக்கும் மூளைக்கும் நடுவே இருக்கும் மெல்லிய எலும்புத் தகட்டில் ஓட்டை. ஆடி மாதம் நான் சந்தோஷப்பட்ட அந்தக் காது காய்ந்திருக்கவில்லை. சீழ் வெளியே வருவதை விட்டுவிட்டு உள்ளே போக வழி கண்டுபிடித்திருந்தது. கருகிய வாடையும் குரலும் அது தொட்ட இடங்களில் எழுந்த சின்னச் சின்ன வலிப்புகள்.

எங்கள் மூளை அறுவை மருத்துவர் நாகர்கோவிலில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். போனில் பிடித்தேன். ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிடுகிறேன் என்றார். மதுரைக்கு அனுப்பினால் மூன்று மணி நேரம். வழியில் மூளை இறங்கி நெரிந்துபோனால் ஆம்புலன்ஸில் யாராலும் எதுவும் செய்ய முடியாது. இங்கேயே வைத்துக்கொள்கிறேன் என்றேன். அழுத்தத்தைக் குறைக்கும் மருந்தையும், சீழுக்கும் வலிப்புக்குமான மருந்துகளையும் ஏற்றச் சொன்னார். பிறகு, நாடி நாற்பத்தைந்துக்குக் கீழே போனாலோ, இடது கண்ணின் பாவை விரிந்தாலோ எனக்காகக் காத்திருக்காதீர்கள், நீங்களே துளை போட்டு எடுத்துவிடுங்கள் என்று இடத்தைச் சொன்னார். காதெலும்பை முப்பது வருஷமாக நான் துளைத்திருக்கிறேன். மூளைக்குள் ஊசி இறக்கியதில்லை. இசக்கிமுத்துவின் இடது காதுக்கு மேலே முடியை மழித்து, பேனாவால் ஒரு சிறு கூட்டல் குறி போட்டுவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். மயக்க மருத்துவர் தலைமாட்டில் நின்றார். பேச்சியம்மாளை வெளியே அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. கால்மாட்டில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தேன்.

வெளியே ஆடி மாதக் காற்று ஜன்னல் கம்பிகளில் ஊதிக்கொண்டிருந்தது. வெயில் சுள்ளென்று இருந்தது. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அவரை எழுப்பிச் சாவியைக் காட்டினேன், சீப்பைக் காட்டினேன், என் கைக்கடிகாரத்தைக் காட்டினேன். முதல் தடவை கடிகாரத்துக்கு, ‘மணி... அது’ என்றார். அடுத்த தடவை வெறும் ‘அது.’ மூன்றாவது தடவை பார்த்துக்கொண்டே இருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. ஒரு மனுஷனின் வீட்டிலிருந்து ஒவ்வொரு சாமானாக யாரோ எடுத்துக்கொண்டு போவதை ஜன்னல் வழியாகப் பார்ப்பதுபோல் இருந்தது.

நாடி ஐம்பது. நாற்பத்தொன்பது.

அப்போது அவர் மூக்கைச் சுளித்தார். எதையோ முகர்வதுபோல் இரண்டு தடவை. அறையில் மருந்து வாடையைத் தவிர எதுவும் இல்லை. கண்ணைத் திறந்து, எங்கள் யாரையும் பார்க்காமல், கதவுக்குப் பக்கத்தில் வெறும் சுவரைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. தெரிந்தவரைப் பார்த்தால் மலருமே, அப்படி. பிறகு, அத்தனை நேரம் ஒரு சொல்லுக்குத் தவித்த மனுஷன், தெளிவாகச் சொன்னார்:

“இந்தா வாரேன், அண்ணாச்சி.”

மயக்க மருத்துவர் திரும்பிச் சுவரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது, ஆனால் பார்த்தேன். அது ஒரு வலிப்பு என்று எனக்குத் தெரியும், மூளையின் எந்த மடிப்பிலிருந்து வருகிறது என்றுகூடத் தெரியும். தெரிந்தும் பின்கழுத்தில் முடி குத்திட்டு நின்றது.

நாடி நாற்பத்தேழு.

“பேச்சியம்மா, இவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுங்க,” என்றேன். மருத்துவத்தில் அதற்கு என்ன பயன் என்று நீங்கள் கேட்டால், விழிப்பு எந்த அளவில் இருக்கிறது என்று பார்க்கலாம் என்பேன். உண்மையில், வேறொருவர் அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நாங்கள் சும்மா உட்கார்ந்திருக்க எனக்குப் பிடிக்கவில்லை.

பேச்சியம்மாள் என்னைப் பார்த்தார். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அவர் அந்தப் பெயரை வாயால் சொன்னதில்லை. உதடு இரண்டு தடவை அசைந்தது. பிறகு கணவரின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு வாசிப்பதுபோல், ஏற்ற இறக்கம் இல்லாமல், “இசக்கிமுத்து” என்றார். மறுபடி, “இசக்கிமுத்து.” அவர் கண் சுவரிலிருந்து விலகி, மெல்ல மெல்லக் கால்மாட்டுக்கு வந்தது. அங்கேயே நின்றது. பேச்சியம்மாள் நிறுத்தவில்லை. பைய, ஒரே சீராக, சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஏற்றிய மருந்துதான் வேலை செய்திருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் நாடி ஐம்பதுக்கு ஏறியது. அதன்பிறகு இறங்கவில்லை. மூளை அறுவை மருத்துவர் பட்டு வேட்டியும் நெற்றியில் சந்தனமுமாக வந்து சேர்ந்தார். நான் போட்ட கூட்டல் குறியைப் பார்த்து, அதிலிருந்து அரை விரல் தள்ளித் துளை போட்டார். அந்த அரை விரலை நான் இன்றுவரை நினைத்துக்கொள்கிறேன். வெளியே வந்த சீழின் நாற்றம் எனக்குப் பழக்கமானது. பல வருஷமாக அந்தக் காதிலிருந்து பஞ்சில் துடைத்து எறிந்த அதே நாற்றம்.

அவர் பிழைத்தார். ஆறு வாரம் ஊசி மருந்து, நடுவில் காதெலும்பைச் சுத்தம் செய்த என்னுடைய ஆபரேஷன். நான் அந்தக் கோடாங்கியைத் தேடி வெளியே வந்தபோது வண்டியோடு போயிருந்தார். பிற்பாடு ஒரு தடவை பார்த்து நன்றி சொன்னேன். தன்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேரை ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்புவதாகவும், ஆஸ்பத்திரியில் நின்று கேட்க நேரமில்லாததால் அவர்கள் திரும்பத் தன்னிடமே வருவதாகவும் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை, நிலவரமாகச் சொன்னார்.

உங்களுக்கு நான் சொல்ல நினைத்ததெல்லாம் மேலே வந்துவிட்டது. நாள்பட்ட காது திடீரென்று காய்ந்து, தலைவலியும் வந்தால் சந்தோஷப்படாதீர்கள். நோயாளி பேய் என்று சொன்னால், அந்தச் சொல்லோடு உங்கள் காதை மூடிக்கொள்ளாமல் மிச்சத்தையும் கேளுங்கள். ஆனால் இதை உங்களுக்கு எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு.

மூன்று மாதம் கழித்து இருவரும் வந்தார்கள். இசக்கிமுத்துவுக்குச் சொற்கள் அநேகமாகத் திரும்பியிருந்தன. சில சொற்களுக்கு மட்டும் கொஞ்சம் சுற்றிக்கொண்டு வர வேண்டியிருந்தது. குரல் மறுபடி கேட்டதா என்றேன். இல்லை என்றார். எப்போதிலிருந்து பெயர்கள் போக ஆரம்பித்தன என்று கேட்டேன். வழக்கமாகக் கேட்பதுதான், நோட்டில் எழுதுவதற்காக. அவர் மனைவியை ஒரு தடவை பார்த்துவிட்டு, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

“மொதல்ல போனது இவ பேருதான். ஒரு நா காலைல காப்பி கொண்டாந்து வைக்கா. ஆளத் தெரியுது, எல்லாம் தெரியுது. பேரு இல்ல. தேடுதேன், இல்ல. அப்பறம் பிள்ளைக பேரும் இல்ல. வாயத் தொறந்தா தெரிஞ்சு போயிருமேன்னு, பேசாமலே இருந்தேன். ஒரு எட்டு நாளு.”

பேச்சியம்மாளுக்கும் இது அப்போதுதான் தெரிந்தது.

“கோவமா இருக்காவன்னுல்லா நெனச்சேன்,” என்றார் என்னிடம். “என்ன தப்புப் பண்ணினேன்னு தெரியாம, எட்டு நாளும் அவியளுக்குப் புடிச்சதா பாத்து ஆக்கிப் போட்டேன். பேசாம தின்னுட்டு எந்திரிச்சுப் போவாவ.”

“ருசி தெரிஞ்சுது,” என்றார் இசக்கிமுத்து. “அது என்ன கொழம்புன்னுதான் தெரியல.”

எந்த எட்டு நாள் என்று கேட்டேன். பேச்சியம்மாள் விரல் விட்டு எண்ணி, கோடாங்கியிடம் போன ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின எட்டு நாள் என்றார். நான் அவருடைய பழைய சீட்டைப் புரட்டினேன். அந்த எட்டு நாளில் ஒரு நாள்தான் இசக்கிமுத்து என் எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்து, நான் பார்ப்பதற்கு வாகாகத் தலையைச் சாய்த்துக் காதைக் காட்டிக்கொண்டிருந்தார். அன்றைய தேதிக்கு நேரே, என் கையெழுத்தில், ‘காது நன்றாக உள்ளது’ என்று இருந்தது.